பன்னிரண்டாவது தடவை

காரைக்குடியில் நாலு நாள் ஓடியது.
ஐந்தாம் நாள் போஸ்டர் மேல்
மூலவியாதி வைத்தியர் விளம்பரம்.
படத்தின் பெயரில் கடைசி இரண்டெழுத்து
கொஞ்ச நாள் வெளியே தெரிந்தது.
அப்போது நானும் போகவில்லை.

இப்போது போனில் இருக்கிறது,
யாரோ ஏற்றிவிட்ட பிரதி.
மூலையில் ஒரு டிவியின் முத்திரை.
இடைவேளைக்குப் பிறகு
உதடு முன்னே போகும், வசனம் பின்னே வரும்.
பார்த்தவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு.
அதில் பதினொன்று எங்கள் வீடு.

நான் மின்வாரியத்தில் கணக்கெடுப்பவன்.
இரண்டு மாசத்துக்கு ஒருமுறை
கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று
பூட்டிய வீடுகளின் வாசலை மிதிப்பவன்.
அதனால் முதல் தடவை கதையே பார்க்கவில்லை.
அவள் அழுதுகொண்டு ஓடிவரும்போது
தூணுக்குப் பின்னாலிருந்த மீட்டர் பெட்டியைப் பார்த்தேன்.
வட்டத்தகடு சுற்றிக்கொண்டிருந்தது.
அந்த வீட்டில் அது சுற்றி நான் கண்டதில்லை.
கம்பிக்கதவு வழியே எட்டிப் பார்த்து
ஒன்பது வருஷமாக ஒரே எண்ணைத்தான் எழுதுகிறேன்.

கானாடுகாத்தானில் வாசற்படி ஏறுகிறவள்
பள்ளத்தூர் முற்றத்தில் இறங்குகிறாள்.
மொபெட்டில் போனால்கூட எனக்குப் பத்து நிமிஷம்.
அவளுக்குப் புடவை கூட நலுங்கவில்லை.
கதைப்படி அது தஞ்சாவூராம்.
காலடியில் ஆத்தங்குடிக் கல்.
உமையாள் சிரித்த சிரிப்பில்
அடுத்த வசனம் கேட்கவில்லை,
அதற்காக மறுபடி ஒருமுறை.

ஆறாவதா ஏழாவதா, நினைவில்லை,
பின்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.
வேட்டித் துணியிலிருந்து வடகம் உரிக்கிறார்.
வசனம் இல்லாத ஆள்.
முன்னால் அண்ணனும் தம்பியும் கத்துகிறார்கள்,
அவர் வடகத்தை எண்ணுகிறார்.
‘பாகம்’ என்ற சொல் வருகிற இடத்தில்
எண்ணிக்கை தப்பி
திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குகிறார்.
டைரக்டர் சொன்னதா, அவராகச் செய்ததா?
பெயர்ப்பட்டியலை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்,
சமையல் உதவி வரைக்கும்.
அந்தப் படத்தில் நடித்தது அவர் ஒருத்தர்தான் என்று
ஆபீஸில் சொன்னேன்.
சேவுகன் டீயை ஆற்றிக்கொண்டே
‘சர்க்கரை எத்தனை ஒனக்கு’ என்றான்.
ரத்தத்தில் இருக்கிறதைத்தான் கேட்டான்.

எங்களுக்குள் சண்டை கடிதத்தில்.
கடைசிக் காட்சி. தபால்பெட்டி. அவள் கை.
யாருக்கு என்று படம் சொல்லாது.
பினாங்குக்குப் போன புருஷனுக்கு என்பேன்.
‘இல்லை’ என்பாள் உமையாள்.
சரி, அந்தத் தம்பிக்கு?
‘இல்லை.’
அவ்வளவுதான். எழுந்து போய்
பாலுக்கு உறை ஊற்றுவாள்.

போன வெள்ளிக்கிழமை கரண்ட் போனது.
(எங்கள் வீட்டிலும் போகும்.)
போனில் பத்தொன்பது சதவீதம் இருந்தது.
இருட்டில் அந்தச் சின்னத் திரை
சுவர் வரைக்கும் வந்தது.
பெட்டியில் போடுவதற்கு முன்
அவள் உறையைத் திருப்புகிறாள்,
ஒரு விநாடிகூட இருக்காது.
தபால்தலை இல்லை.
முகவரி இல்லை.

‘ஏய், வெறும் கவருடி!’
‘மொதத் தடவையே பாத்தேனே.’
‘அப்ப ஏன் சொல்லலை?’
‘நீங்க எப்பப் பாப்பீகன்னு
பாத்துக்கிட்டிருந்தேன்.’

பதினொரு தடவையும்
அவள் உட்கார்ந்த இடத்தை நினைத்துப் பார்த்தேன்.
எனக்குச் சற்றுப் பின்னால், வலப்பக்கம்.
திரை பாதிதான் தெரியும் அங்கிருந்து.

இந்த மாசக் கணக்குக்குப் போனேன்.
கம்பிக்கதவு வழியே அதே எண்.
எழுதினேன். வண்டியை உதைத்துக் கிளப்பினேன்.
தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தேன்.
எண் மாறவில்லை.
பூட்டில் மட்டும்
யாரோ புதிதாக எண்ணெய் விட்டிருந்தார்கள்.