கிளம்பிடுச்சு

கீழ்க்கட்டளை சிக்னல் தாண்டி
சர்ச் சுவரோடு ஒட்டிய ஷெட்.
கூரைவரை நீலக் கேன்கள்.
நுழைந்ததும் மூக்கில் குளோரின்,
காதில் ஒரே சொல்.
"கிளம்பிடுச்சு மேடம்."
"அப்பவே கிளம்பிடுச்சு சார்."
வாசலில் குட்டி யானை
டயர் கழற்றி, ஜாக்கியின்மேல்
ஒரு காலைத் தூக்கி நிற்கிறது.

ஜெபசிங் அண்ணாச்சிக்கு மூன்று போன்.
ஒன்று காதில், ஒன்று சார்ஜில்,
ஒன்று அஞ்சுகத்திடம்.
அவள் வாட்ஸ்அப் குரல்களைக் கேட்டுக் கேட்டு
ரெண்டு கேன், ஏ பிளாக், லிஃப்ட் இல்லை என்று
கிழித்த காலண்டர் தாள்களில் எழுதுகிறாள்.
போன மாதத் தேதிகளின் முதுகில்
இந்த மாதத் தாகம்.

நான் ஏஐ ஆட்டோமேஷன் ஆலோசகர்.
அட்டையில் அப்படித்தான் போட்டிருக்கிறது.
"ஏசி மெக்கானிக்கா?" என்று கேட்டு
ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.
அதிலேயே ஒரு வாரம் உட்கார்ந்து
வந்த கேள்விகளை எண்ணினேன்.
விலை கேட்டவர்கள் பதினாறு பேர்.
காலி கேன் எடுக்கக் கூப்பிட்டவர்கள் ஒன்பது.
தண்ணீரில் பாசி வாடை என்று இருவர்.
வண்டி எங்கே என்று
இருநூற்று நாற்பத்தோரு பேர்.

"இதுக்கு மெஷின் என்ன பதில் சொல்லணும்?"
"கிளம்பிடுச்சுன்னு சொல்லச் சொல்லுங்க."
"எந்த வண்டி அண்ணாச்சி?"
"எதுவா இருந்தா என்ன?"
"கிளம்பாதப்போ?"
அவர் என்னைப் பார்த்த பார்வையில்
பதினெட்டு வருஷத் தொழில் இருந்தது.
"ஏம்மா, கிளம்பாதப்பதானே
கிளம்பிடுச்சுன்னு சொல்லணும்?
கிளம்பிட்டா எவன் போனை எடுக்கப் போறான்?"

இதற்கு என்னிடம் கட்டம் இல்லை.
ராத்திரி மூவரசம்பட்டில் மொட்டைமாடி அறையில்
அந்தச் சொல்லைத் திரைக்குள் ஏற்றப் பார்த்தேன்.
ஆம் என்றால் இடப்பக்கம்,
இல்லை என்றால் வலப்பக்கம்.
அது எந்தப் பக்கமும் போகாமல்
நட்டநடுவில் சைடு ஸ்டாண்டு போட்டு நின்றது.

கடைசியில் உண்மையையே எழுதினேன்.
எழுதச் சுலபமாக இருந்தது,
வேறு பெருமை ஒன்றும் இல்லை.
வண்டியில் ஒரு ஜிபிஎஸ் வைத்தோம்.
திங்கள் காலை ஏழு பத்துக்கு
முதல் பதில் போனது.
"வண்டி டீக்கடை அருகே
பதினோரு நிமிடமாக நிற்கிறது."

செவ்வாயன்று நங்கநல்லூரில்
நான்கு வீடுகள் வேறு கேனுக்கு மாறின.
புதனன்று டிரைவர் ஏழுமலை
எனக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தினார்.
வியாழன், மடிப்பாக்கத்திலிருந்து ஒரு பெண் குரல்.
"பத்தரைக்குத்தான் வரும்னு தெரிஞ்சுது,
நிம்மதியா தலைக்குக் குளிச்சேன்.
இல்லன்னா கதவையே பாத்துக்கிட்டு நிப்பேன்."
அஞ்சுகம் அதை மூன்று முறை போட்டுக் கேட்டாள்.
மூன்றாவது முறை
கையிலிருந்த காலண்டர் தாளை நான்காக மடித்தாள்.
சந்தோஷமா, இனி தன் வேலை என்ன என்ற யோசனையா,
நான் கேட்கவில்லை.
கேட்டிருக்க வேண்டும்.
அது என் பில்லில் இல்லாத வேலை.

அந்தப் பில் நாற்பது நாளாக நிற்கிறது,
இருபத்திரண்டாயிரம்.
நேற்று கடை எண்ணுக்கு ஒரு வரி தட்டினேன்.
வாய்க்கு வாய் சாக்கு வைத்திருக்கும் அண்ணாச்சி இல்லை,
நான் கட்டியதே எடுத்தது.
கணக்குப் புத்தகத்தோடு அதை இணைத்ததும் நான்தான்.
ஒரு நொடி தயங்கவில்லை.
"உங்கள் பணம் இன்னும் கிளம்பவில்லை."

சிரித்து முடிப்பதற்குள் போன் அடித்தது.
அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஸ்க்ரூ கம்பெனி,
பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.
"மேடம், எங்க இருக்கீங்க?"
தலையில் ஈரத் துண்டு,
ஒரு காதில் மட்டும் கம்மல்.
"கத்திப்பாரா தாண்டிட்டேன் சார்" என்று சொல்லிக்கொண்டே
பொங்கி வந்த பாலுக்கு
அடுப்பைச் சின்னதாக்கினேன்.