யாருடைய முழங்கால்

பந்தல்குடிக் கால்வாய் எங்கள் சந்துக்குள் வந்த இரவை
முதலில் பால் கணக்கு நோட்டில்தான் எழுதி வைத்தோம்.
ஆமினா வீடு: முழங்கால்.
பாண்டீஸ்வரி வீடு: இடுப்புக்குக் கொஞ்சம் கீழே.
ரேஷன் கடை முக்கு: கணுக்கால்தான், ஆனால் இழுப்பு.
என் வீடு: காலி சிலிண்டர் மிதந்தது.

திருநகரிலிருந்து பைக்கில் வருகிற பிரதீபன்
லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு
"அக்கா, முழங்கால்னா இதுக்குப் புரியாது,
சென்டிமீட்டர் வேணும்" என்றான்.
யாருக்குப் புரியாது?
"மாடலுக்கு."
பாண்டீஸ்வரி கேட்டாள்:
அதுக்குக் கால் கிடையாதா?

சிரித்து ஓய்ந்த பிறகு
கேள்வி எங்கள் பக்கம் திரும்பி நின்றது.
யாருடைய முழங்கால்?
ஆமினா குள்ளம்.
அவளுக்கு இடுப்பு என்றால் எனக்குத் தொடை,
அவள் மகனுக்குக் கழுத்து.

ஜாக்கெட் தைக்கிற ரீட்டாமேரி டேப்பை எடுத்து வந்தாள்.
ஞாயிற்றுக்கிழமை, அங்கன்வாடிக் கதவைச் சாத்திவிட்டு
பதினெட்டுப் பேர் சேலையைத் தூக்கிப் பிடித்து நின்றோம்.
தரையிலிருந்து முட்டி. முட்டியிலிருந்து இடுப்பு.
நாற்பத்து நாலு. நாற்பது. நாற்பத்தேழு.
கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும் அளவு கொடுத்த உடம்பு
வெள்ளத்துக்கு அளவு கொடுத்தது அன்றைக்குத்தான்.

மூன்றாம் சந்தின் கடைசி வீட்டார் சொல்ல மாட்டோம் என்றார்கள்.
"பரவாயில்லக்கா, காலிக் கட்டத்தை அதுவே நிரப்பிக்கும்,
அங்கிட்டு இங்கிட்டு இருக்கற வீட்டோட சராசரி."
அடுத்த வீட்டுத் தண்ணியை
அவுக வீட்டுக்குள்ள ஊத்துவியா தம்பி?
அவன் விரல் நின்றுவிட்டது.
அந்த வீட்டில் அன்றிரவு என்ன நடந்தது என்று
எங்கள் எல்லோருக்கும் தெரியும்.
தெரிந்தது வேறு, எழுதக் கொடுத்தது வேறு.
கட்டம் காலியாகவே கிடக்கிறது, இன்றைக்கும்.

வைகாசிக் கடைசியில் வரைபடம் வந்தது.
எங்கள் சந்து முழுக்கச் சிவப்பு.
சரியாகச் சொல்லிவிட்டது என்று கைதட்டினோம்,
ஆமினாவைத் தவிர.
முன்பு ஒரு முறை சுவரில் நம்பர் போட்டுப் போனார்கள்,
அதுவும் சிவப்பு பெயிண்ட்.
அந்த வீட்டுக்காரர்கள் ஊருக்கு வெளியே
நாலாவது மாடியில் இருக்கிறார்கள்.
"இதைப் பாக்குற ஆபீசர்
வாய்க்காலைத் தூர் வாருவாரா,
நம்மளைத் தூர் வாருவாரா?"

இரண்டு சொம்பு வைத்துப் புளியங்கொட்டை போட்டோம்.
பிரதீபனுக்கும் ஒரு கொட்டை,
ஒன்றுதான்.
தெருப் பெயர் வெளியே போகலாம், கதவு நம்பர் போகாது.
முழங்கால் அளவுகள் நோட்டை விட்டு நகராது.
இன்ஷூரன்ஸ் கம்பெனி என்று சொல்லி இருவர் வந்தார்கள்.
டீ கொடுத்தோம்.
நோட்டைக் கொடுக்கவில்லை.

ஐப்பசியில், கண்மாய் ஷட்டரைத் திறந்த இரவு,
பதினொன்றரைக்கு எல்லாப் போனிலும் பாண்டீஸ்வரி கத்தினாள்.
அவள் குரலைத்தான் பதிந்து வைத்திருந்தோம்:
எந்திரிங்கடி, சாமானை மேல ஏத்துங்க,
ரெண்டு மணிக்கு வருது.
நிஜப் பாண்டீஸ்வரி அரிசி மூட்டையோடு படியேறிக்கொண்டே
தன் குரலைத் தானே திட்டினாள்.

ஒன்று நாற்பதுக்கு வந்துவிட்டது.

காலையில் சேற்றைத் தள்ளிவிட்டு நோட்டைத் திறந்தேன்.
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று எழுதினேன்.
அதற்குக் கீழே,
தப்பு: இருபது நிமிடம்.
காரணம்: பாலத்தடியில் யாரோ வீசிய மெத்தை.
மழையைச் சொல்லிக் கொடுத்தோம், ஷட்டரைச் சொல்லிக் கொடுத்தோம்,
மெத்தையைச் சொல்லவில்லை.

பிரதீபன் கூச்சத்தோடு கேட்டான்,
"அது எவ்வளவு அகலம் இருக்கும்க்கா?"

அதற்குள் ரீட்டாமேரி
சேலையைச் செருகிக்கொண்டு
கழுத்தில் டேப்போடு கால்வாய்க்குள் இறங்கிவிட்டாள்.