பத்துக்கு இருபது

பத்துக்கு இருபது அடி, சட்டம் கட்டி நிறுத்தித் தர
மூவாயிரத்து நானூறு.
முன்பணம் ஐந்நூறுதான் வந்தது.

படம் வாட்ஸப்பில் வந்தது.
புவனேஸ்வரம் மைதானம், கடைசிச் சுற்று,
கோட்டைத் தொடப்போகும் மாதேஸ்வரி
வாய் கொள்ளாமல் சிரிக்கிறாள்.
பல்லெல்லாம் பழுப்பு.
ஆயிரம் அடி போர்த்தண்ணீர் போட்ட கோடு அது.
பென்னாகரம் பஸ் எதில் ஏறினாலும்
பாதி வாய்களில் பார்க்கலாம்,
என் வாயிலும்.

"பல்ல மட்டும் கொஞ்சம் பாத்துக்கப்பா,
படிக்கிற பசங்க பாக்கற படம்" என்றார்
ஒன்றியத்துக்காரர்.
பார்த்துக்கொண்டேன்.
மேலே பதினொன்று, கீழே ஆறு,
ஒவ்வொன்றாக வெளுத்தேன்.
வேறொரு படத்திலிருந்து வெண்கலத்தை வெட்டி
கழுத்தில் ஒட்டினேன்.
பிறகு காலை எடுத்தேன்.
அவர் தலை, அவர் அண்ணன் தலை,
போன வாரம் மொட்டையடித்த பேரன் தலை
எல்லாம் கீழே வரவேண்டியிருந்தது.
கால் இருந்த இடத்தில் மேகம்.
மேகத்தின் மேல் மஞ்சள் எழுத்தில்
மாவட்டத்தின் விடிவெள்ளியே
மாணவியர் முன்மாதிரியே.

அவள் ஆட்டம் வேகநடை.
ஓடினால் தோற்றாள்.
இரண்டு காலும் ஒருசேரத் தரையை விட்டால்
நடுவர் சிவப்பு அட்டை எழுதுவார்,
மூன்று சேர்ந்தால் வெளியே.
இடுப்பை ஒடித்து ஒடித்து
பைபாஸ் ஓரம் அவள் பழகிய விடியல்களில்
டீக்கடையில் சிரித்தவர்களில் நானும் உண்டு.
சொல்லிவிடுகிறேன்.

பள்ளி மேடையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள்.
'வறுமையே என் முதல் பயிற்சியாளர்'
என்று தொடங்கியது.
படித்தாள். நாலாக மடித்தாள். மைக்கைப் பிடித்தாள்.
"எங்கப்பா பெங்களூர்ல சென்ட்ரிங் வேலை.
மூணு வட்டிக்கு வாங்கித்தான் ஷூ எடுத்தாரு.
ஒரு நம்பர் சின்னது, மாத்தித் தரல.
சரியான ஷூவும் தினம் ரெண்டு முட்டையும் இருந்திருந்தா
ரெண்டு வருசம் முன்னாடியே ஜெயிச்சிருப்பேன்.
வறுமை எனக்கு ஒண்ணும் சொல்லித் தரல.
சொல்லித் தந்தது ஸ்டெல்லா டீச்சர்.
அவங்களுக்கு இன்னும் வேலை பர்மனென்ட் ஆகல."

கைதட்டலாமா என்று
பிள்ளைகள் தலைமையாசிரியரைப் பார்த்தன.

சாயங்காலத்துக்குள் திமிர் என்றாகிவிட்டது.
ஒரு வெண்கலத்துக்கே இப்படியா என்றார்கள்.
ராத்திரி ஒன்பதரைக்கு நாலு ரோட்டில்
கூட ஓடும் பையன்களோடு நின்று
தட்டுவடை செட் தின்றதும்
வீடியோவாகச் சுற்றியது.
மூன்றாம் நாள் எனக்கு போன்:
"அந்தப் பொண்ணக் கழட்டிடு.
அதே சைஸ், பேரனுக்குக் காதுகுத்து."
பாக்கிப் பணம் இரண்டுக்கும் சேர்த்துத் தருவாராம்.

சுருட்டிய மேகம் கடை மூலையில் சாய்ந்திருந்தது.
ரப்பர் செருப்போடு அவளே வந்தாள்.
மூலையை ஒருமுறை பார்த்தாள்,
அதைப் பற்றிப் பேசவில்லை.
"அண்ணா, நீங்க கை வைக்காத படம் இருக்குமா?
என் போன் தண்ணில விழுந்துருச்சு."

திறந்தேன்.
பழுப்புப் பல்லோடு திரை நிறைய அவள்.
மன்னிப்பு மாதிரி ஏதோ தொண்டையில் வந்தது,
அதற்குள், "கீழ போங்க" என்றாள்.
"இன்னும் கீழ. பெருசு பண்ணுங்க."
முன்னால் ஒரு குதிகால் தடத்தில்.
பின்னால் மற்றதன் பெருவிரல்
இன்னும் தடத்தை விடவில்லை.
"பலகைல ரெண்டு சிவப்பு ஏறிருச்சுண்ணா.
கடைசி நூறு மீட்டர் பூரா அதே பயம்.
தொட்டுருக்குல்ல?"
"தொட்டிருக்கு" என்றேன்.
அப்போது சிரித்தாள், படத்தில் உள்ளபடியே.

ஆறுக்கு நாலு, ஒரு பிரதி, இருபது ரூபாய்.
வேண்டாம் என்றேன்.
மவுஸுக்கு அடியில் செருகிவிட்டுக் கிளம்பினாள்.

அவள் பஸ் ஸ்டாண்டை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது.
ஓடுவாள் என்று எட்டிப் பார்த்தேன்.
நடந்தே பிடித்தாள்.