கையோடு கொண்டுவந்தது

"விளையாடு" என்கிற பொத்தான்
அழுத்தியதும் "நிறுத்து" என்று மாறுகிறது.
மூன்று விநாடி.
மறுபடி "விளையாடு".
நடுவில் ஒன்றுமே நடக்காததுபோல.

லியபாயாவில் டிசம்பர்.
துறைமுகத்துக் காற்று ஐந்தாம் மாடிவரை ஏறிவந்து
கண்ணாடியில் உப்பைத் தடவிவிட்டுப் போகிறது.
வெல்கா இன்னும் கோட்டைக் கழற்றவில்லை.
ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் பகலெல்லாம்
ஊரார் ரத்தத்தைச் சுழலவிட்டு எண்ணியவள்.

எட்டு மணி என்று சொல்லியிருந்தான் ஐனிஸ்.
சொன்னதே பெரிது.
படகை விற்ற நாளிலிருந்து
அண்ணனும் தங்கையும் பேசியதையெல்லாம்
ஒரு ரசீதின் முதுகில் எழுதிவிடலாம்.
போன வாரம் டாவ்கவ்பில்ஸிலிருந்து ஒரு செய்தி:
"மூழ்கிய கப்பலை மேலே தூக்குகிற ஆட்டம். இரண்டு பேர் வேண்டும்.
லினக்ஸிலேயே ஓடும்."
நலமா என்றுகூட இல்லை.

அவனிடம் ஓடுகிறது. அவன் கார்டு வேறு கம்பெனி.
இவளுடையது
கிரிப்டோ தோண்டிக் களைத்த எவனோ ஒருவனின்
கொட்டகையிலிருந்து நாற்பது யூரோவுக்கு வந்தது.
ஒரு விசிறி லேசாக இருமும்.

டிரைவரைப் புதுப்பித்தாள்.
கெர்னலை ஒரு படி பின்னால் இறக்கிப் பார்த்தாள்.
வல்கனை அணைத்தாள், ஓப்பன்ஜிஎல் என்றாள்,
முழுத்திரை வேண்டாம், சின்ன ஜன்னல் போதும் என்று கெஞ்சினாள்.
மூன்று விநாடி. "விளையாடு".

எட்டு இருபதுக்கு போன் ஒருமுறை ஒளிர்ந்தது.
பார்க்கவில்லை.
பார்த்தால் பதில் எழுத வேண்டும்,
எழுதினால் சாக்குபோல இருக்கும்.

பொத்தானை விட்டுவிட்டு
டெர்மினலைத் திறந்து
ஆட்டத்தை நேராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.
பொத்தானிடம் வாய் திறக்காதது
இங்கே கொட்டித் தீர்த்தது, நாற்பது வரி.
பெரும்பாலும் புலம்பல்.
அடியில் ஒன்று: டிரைவரை ஏற்ற முடியவில்லை.
அதற்கு மேலே ஒரு லைப்ரரியின் பெயர், ஒரு பதிப்பு எண்,
அந்தப் பதிப்பு இங்கே இல்லை என்று.

இல்லையா? போன மாதம்தானே போட்டாள்!
விரலைத் திரையில் வைத்துப் பாதையைப் படித்தாள்.
அது இவள் வீட்டுச் சரக்கு இல்லை.
ஆட்டம் தன் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தது.
எட்டு வருடம் முன்பு யாரோ ஒருவர்,
போகிற இடத்தில் என்ன கிடைக்குமோ என்று பயந்து
குடிதண்ணீர்கூடப் பிடித்துக் கொடுத்தனுப்பியிருக்கிறார்.
வந்த விருந்தாளி அதைத்தான் குடிப்பேன் என்கிறான்,
வீட்டாருக்கும் அதையே ஊற்றுகிறான்.
புது டிரைவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை.
ஐனிஸின் டிரைவருக்கு அந்தத் தாகமே கிடையாது.

அழிக்கவில்லை. ஆய்வகப் பழக்கம்:
மாதிரியைக் கொட்டாதே, லேபிள் ஒட்டித் தள்ளி வை.
பெயரின் வாலில் "பழையது" என்று சேர்த்து
வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினாள்.

கருப்பு.
மூன்று விநாடி.
நான்கு.
விசிறி இருமி வேகம் பிடித்தது.
பச்சைத் தண்ணீர். சாய்ந்த ஒரு கொடிமரம்.
மிதவை மேடையில் ஏற்கெனவே ஒருவன்,
ஐம்பது நிமிடமாக
காலிக் கொக்கியை இறக்குவதும் ஏற்றுவதுமாக.

"எங்கே போனாய்?"
"டிரைவர்" என்று அடித்தாள்.
கொக்கி பாதியில் நின்றது.
"எனக்குச் சத்தம் வரவில்லை. அதைச் சரிசெய்ய
இரண்டு ராத்திரி ஆயிற்று.
பிறகுதான் உன்னைக் கூப்பிட்டேன்.
இடப்பக்கக் கயிறு உன்னுடையது."