ஐந்தாம் மாடி வரவு

களனியில் உப்பேறி விட்டதாம்.
இரவு ஒன்பது முதல் விடிய ஐந்து வரை
பைப்பில் வராது என்று
லிஃப்டுக்குப் பக்கத்தில் மும்மொழியிலும் ஒட்டியிருக்கிறார்கள்.
தமிழில் மட்டும் ‘தண்னீர்’.
பிழையோடும் விக்குகிறது தொண்டை.

ஆமர் வீதி இரும்புக்கடையில்
பதினெட்டு வருடமாகப் பேரேடு எழுதும் கை இது.
பல்கனிக்கும் ஒரு கொப்பி போட்டேன்.

வரவு:
அரிசி கழுவியது, இரண்டு லீற்றர்.
கீரை அலசியது, ஒன்றரை.
மேல்வீட்டு ஏசிக் குழாய்
இரவு முழுக்கச் சொட்டியது, நாலேகால்.
(வாளிக்கு வலை கட்டியாயிற்று.
டெங்குக்காரர் எந்நேரமும் வரலாம்.)

செலவு:
முருங்கைக்குக் கிழமைக்கு இரண்டு கோப்பை.
கற்றாழைக்குச் சைபர்.
கறிவேப்பிலைக்கு மட்டும் தனி ஏற்பாடு:
எருமைத் தயிர்ச் சட்டி இரண்டை
வாயோடு வாய் வைத்துச் சீமெந்து பூசி,
மேல் சட்டியின் அடியில் விரலளவு துளைத்து
பீப்பாய் மண்ணுக்குள் புதைத்திருக்கிறேன்.
சுடுமண் உள்ளுக்குள்ளே வியர்க்கும்,
வேர் வந்து நக்கிக்கொள்ளும்,
வெயிலின் கண்ணில் ஒரு துளியும் படாது.

வல்லாரையைக் காப்பாற்ற முடியவில்லை.
நிழலுக்கு நகர்த்தினேன், தும்புச்சோறு பரப்பினேன்,
ஒரு கிழமை பேரம் பேசினேன்.
அது மூன்று வேளையும் கேட்டது.
சிவப்பு மையால் கோடிழுத்தேன்.
அன்றிரவு சம்பல் இல்லாமல் சோறு.

மாசி இருபதில்
மேல்வீட்டு வரவு நின்றது.
இரண்டு நாள் வெறும் வாளியைப் பார்த்தேன்.
மூன்றாம் நாள் படியேறி மணியை அழுத்திய பிறகுதான்
யோசித்தேன், என்னவென்று கேட்பது?
உங்கள் குளிர் எனக்கு வேண்டும் என்றா?

ஸுமையா டீச்சர் கதவைத் திறந்தார்.
கையில் கறண்ட் பில்.
அதனாலேயே விசிறிக்கொண்டு
“இனி ஜன்னல்தான்” என்றார்.
வாளிக் கதையைச் சொன்னேன்.
“அப்ப, நான் தூங்கினதையா
இவ்வளவு நாளும் அளந்தீங்க?”
பதில் வரவில்லை எனக்கு.
கொண்டுபோயிருந்த கறிவேப்பிலைக் கொத்தை
இரண்டு கையாலும் நீட்டினேன்,
அபராதம் கட்டுகிறவனைப் போல.

மறுநாள் அஸருக்குப் பிறகு
நைலோன் கயிற்றில் ஒரு பெயின்ட் வாளி
ஆடி ஆடி இறங்கியது.
வுழூ எடுத்த தண்ணீர்.
சவர்க்காரம் இல்லை, எண்ணெய் இல்லை.
முகமும் முழங்கையும் பாதமும் தொட்டு வந்தது.
சட்டியின் துளையில் சாய்த்தேன்,
களக் களக் என்று குடித்தது.

கொப்பியில் இப்போது புதிய நிரல்.
நாளொன்றுக்கு மூன்று லீற்றர், பெரும்பாலும்.
வெள்ளிக்கிழமை நாலரை வந்தது.
யாரோ வந்திருக்கிறார்கள் மேலே.
கேட்கவில்லை.
எழுதிக்கொண்டேன்.