சாட்சிப்பொருள் இரண்டு

பகாவ் நீதிமன்றத்தில் நான் ஜூருபஹாசா.
மூன்று மொழிக்கும் ஒரே சம்பளம்.
காற்றாடி ஒரு பக்கமாய்ச் சாய்ந்து சுற்றும்
இரண்டாம் அறையில், ஒரு செவ்வாய்க்கிழமை,
கூண்டில் நின்றார் அரியமாலா த/பெ சடையன்,
வயது ஐம்பத்துமூன்று,
செம்பனையில் உதிரிப்பழம் பொறுக்குபவர்.

குற்றம்: தோட்டத்தை வாங்கிய கம்பெனி
லயத்து ரோட்டின் குறுக்கே போட்ட
இரும்புக் கதவின் பூட்டை உடைத்தது.
சாட்சிப்பொருள் ஒன்று: பூட்டு, இரண்டு துண்டாக.
சாட்சிப்பொருள் இரண்டு: ஒரு பாராங்,
பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியது.
யாருடையது என்று யாரும் சொல்லவில்லை.

"கதவு எப்படித் திறந்தது?" என்றார் இன்ஸ்பெக்டர்.
மலாயில் வந்ததைத் தமிழில் தந்தேன்.
அந்தம்மா என்னைப் பார்க்கவில்லை,
காற்றாடியைப் பார்த்தார்.

"அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்."

அவ்வளவுதான். வாய் மூடிவிட்டது.

ஐந்து சொல். அதில் மூன்று அடி.
அவை அடியில்லை என்று எனக்குத் தெரியும்.
கோப்பில் பதினோரு மனு நகல் இருக்கிறது,
கடைசி நான்கில் கையெழுத்துகூட
சலிப்பில் சிறுத்துப் போயிருக்கிறது.
ஆனால் அப்படியே மலாயில் வைத்தால்
ஒரு பெண் அடிக்கிறாள், அடிக்கிறாள், அடிக்கிறாள்,
கனமான ஏதோ ஒன்று இடம் பெயர்கிறது.
ஒப்புதல் வாக்குமூலம்.
கைநாட்டு மட்டும் பாக்கி.

பழமொழிக்குப் பழமொழி கொடு என்பார்கள் பயிற்சியில்.
மலாயிலும் உண்டு, அளந்து தைத்தது போல:
தீட்டத் தீட்டப் பாராங்கின் முதுகும் கூராகும்.
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
மேசையில் கிடந்த பாராங் என்னைப் பார்த்தது.
விழுங்கினேன்.

ஆபத்தில்லாத ஒன்றை எடுத்தேன்,
பள்ளிச் சுவரில் உண்டியல் படத்தோடு ஒட்டுவது:
சிறுகச் சிறுக, நாளாக நாளாக, குன்றாகும்.

மாஜிஸ்திரேட் பேனாவை நிறுத்தினார்.
இளம் வயது, போன மாதம்தான் மாற்றலாகி வந்தவர்.
"குன்றா? எதன் குன்று? பணமா?
அபராதம் கட்ட முடியும் என்கிறாரா?"

பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.
வேன் நிறைய வந்திருந்த தோட்டத்துச் சனம்,
என்னைவிட நன்றாக மலாய் பேசுபவர்கள்.
அந்த இருமல் எனக்கானது.

"புவான், அது ஒரு பெரிபஹாசா."
"சரி. பொருள் சொல்லுங்கள்."

பொருள்.
சொல்பவரே பொருளும் சொல்லிவிட்டால்
அது பழமொழியில்லை, வாக்குமூலம்.
யார் சொன்னது என்றால் ஊர் சொன்னது;
ஊரைக் கூண்டில் ஏற்ற முடியாது.
அந்தப் பாராங்கைப் போலத்தான் அதுவும்,
எல்லார் கையும் பட்டுப் பிடி வழவழத்தது,
யாருடையதும் இல்லை.
அந்தம்மா தெரிந்தே எடுத்திருக்கிறார்.
எனக்குத்தான் தாமதமாக உறைத்தது.

"விடாமல் முயன்றால் நடக்கும், புவான்," என்றேன்.
என் வாயில் அது சோளப்பொரி மாதிரி இருந்தது.
அவர் எழுதியதைத் தலைகீழாகப் படித்தேன்:
கேள்விக்கு விடையில்லை.

வழக்கு அடுத்த மாதம் பதினாறுக்குப் போனது.

எதிர்ச்சாரியில் மாமாக் கடை.
அரியமாலா தே ஓவை ஆற்றிக்கொண்டே கேட்டார்:
"குன்றுன்னா சொன்னீங்க, தம்பி?"
"வேற வழி தெரியலம்மா."
"பாராங் முதுகு இருக்கே. நல்ல பெரிபஹாசா ஆச்சே அது."
சொல்லிவிட்டுக் கண்ணாடிக் குவளைக்குள் சிரித்தார்.

உண்மையில் பூட்டை யார்,
என்று கேட்க வாய் வந்தது.
அதற்குள் வேன்காரர் ஹாரன் அடித்தார்,
விட்டு விட்டு மூன்று முறை.
எல்லாரும் ஏறினார்கள். வேன் கிளம்பவில்லை.
மறுபடி இறங்கினார்கள். அந்தம்மாவும்.
தள்ள ஆள் பற்றவில்லை.
நான் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
மிச்சமிருந்த கையைக் கொடுத்தேன்.