முன்சக்கரம்

ஜூலை வெயிலில் வைக்கோல் கட்டும் இயந்திரத்தின் அடியில்
மல்லாந்து கிடந்தேன். முதலில் காலணிகள்தான் தெரிந்தன.
பிறகு ஒரு அட்டை, அதில் செருகிய காகிதம்.
"ஆளுநர் தேர்தலில் நிற்கிறேன், மிஸ்டர் ஹவெல்கா"
என்றாள் ஸெனைட்,
சோளத்தில் ஈரம் பதினேழு என்று சொல்கிற
அதே குரலில்.

சிரித்துவிட்டேன். மறைக்க என்ன இருக்கிறது, சிரித்துவிட்டேன்.
அவள் காத்திருந்தாள்.
பதினாறு வருடம் தானியக் கிடங்கின் எடைமேடையில்
உட்கார்ந்தவளுக்கு
முள் ஆடி அடங்கும்வரை
காத்திருக்கத் தெரியும்.

நாலாயிரம் கையெழுத்து வேண்டுமாம், பெயர் சீட்டில் ஏற.
கட்சி இல்லை. கொடி இல்லை.
பிறந்தது எரித்திரியாவில்.
எங்கள் வீட்டு அட்லஸில் அந்த நாடே கிடையாது,
அட்லஸ் அவ்வளவு பழசு.

வறட்சி வருடம் நினைவுக்கு வந்தது.
கருகியது போக மிஞ்சியதை ஏற்றிப்போய் நிறுத்தி
சீட்டு வாங்கிக்கொண்டு ஏழு மைல் வந்துவிட்டேன்.
போன் அடிக்கிறது.
"நானூறு பவுண்டு குறைத்து எழுதிவிட்டேன்.
திரும்பி வாருங்கள்."
முதலாளி அவளுக்குப் பின்னால் நின்று
கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அந்த வருடம் நானூறு பவுண்டு என்பது
என்னவென்று
உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

"கையெழுத்து வேறு, ஓட்டு வேறு" என்றேன்.
"தெரியும்" என்றாள்.
போட்டேன். கையெல்லாம் கிரீஸ்.
கையெழுத்துக்குப் பக்கத்தில்
கைநாட்டும் விழுந்துவிட்டது.
"இரண்டுக்கும் சேர்த்து ஒன்றாகத்தான் எண்ணுவார்கள்"
என்று முதல்முறையாகச் சிரித்தாள்.

காபிக் கடையில் டுவேன் சொன்னான்:
"வந்தேறிக்கு மாநிலமே கேட்கிறதா?"
அவன் வீட்டுத் தபால்பெட்டியில் எழுதியிருக்கும்
குடும்பப் பெயரை
மூன்று தலைமுறைத் தபால்காரர்கள்
ஒருவரும் சரியாகச் சொன்னதில்லை.
யாரும் அதை எடுத்துச் சொல்லவில்லை.
நானும்தான்.

அக்டோபரில் விவாதம். அவளை அழைக்கவில்லை.
அன்றிரவு கிடங்கு வாசலில்
முப்பது லாரிகள் வரிசையில் நின்றோம்.
முப்பது ரேடியோவிலும் அதே இரண்டு குரல்கள்
விவசாயி விவசாயி என்று உருகிக்கொண்டிருந்தன.
ஒவ்வொரு வண்டியாக மேடையேறியது.
சன்னல் திறக்கும், குளிர் உள்ளே போகும்,
ஒரு கை வெளியே வரும், சீட்டோடு.
"ஐம்பத்து மூவாயிரத்து இருநூறு."
எனக்கு முன்னால் நின்றவன்
மேடை ஏறும்போது ரேடியோவை அணைத்தான்.
இறங்கியதும் மறுபடி போட்டான்.
மரியாதையா, கூச்சமா,
கேட்கவில்லை.

மாநிலம் முழுக்க நூற்றுக்கு நாலு.
எங்கள் வாக்குச்சாவடியில் பதினொன்று.
ஏழு பேர் யாரென்று ஊருக்கே தெரியும்:
பாதிரியார், இறைச்சி ஆலையில் வேலை செய்யும் அந்த
இரண்டு குடும்பம்.
மீதி நாலு பேரைத்தான்
காபிக் கடை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறது.
டுவேன் எல்லோரையும் விடச் சத்தமாகத் தேடுகிறான்.
அது எனக்கு
கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது.
என் மனைவி கேட்கவில்லை.
நானும் அவளைக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை கடைசி லோடு.
இரண்டு மாதமாக ஒத்திகை பார்த்த ஒரு வாக்கியம்
தொண்டைக்குள் இருந்தது.
மேடையில் ஏறினேன். கண்ணாடியை இறக்கினேன்.
அவள் எண்களைப் பார்த்தாள்,
பிறகு என்னை,
பிறகு கீழே.

"கொஞ்சம் பின்னால் எடுங்கள்" என்றாள்.
"முன்சக்கரம் வெளியே நிற்கிறது."